நாகூரான் கழற்றி வைத்த மாலைகள்

உப்புக் கிடங்குத் தெருவில், படத்தில் இருந்த ஆள் தன் கழுத்தில் விழுந்த மாலையைத் தானே கழற்றி, சுருட்டி, கவுன்சிலர் கையில் திருப்பிக் கொடுத்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் யாரும் கூச்சல் போடவில்லை, யாரும் மயங்கி விழவில்லை; கவுன்சிலர்தான் கொஞ்சம் வெட்கப்பட்டு, "மன்னிச்சுக்கங்க தலைவரே, தெரியாம போட்டுட்டேன்" என்றார், அதற்குள் சுண்டல் வந்துவிட்டது.

காசிமேட்டுக்குத் தெற்கே, கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற தெரு அது. எந்தக் காலத்திலோ உப்பு மூட்டை அடுக்கிய கிடங்கு ஒன்று தெரு முனையில் பூட்டியே கிடந்தது. கல்யாணங்களுக்குப் போட்டோ எடுக்கிற திருநங்கை சுகன்யா, யார் யாரையோ பார்த்து, கெஞ்சி, சண்டை போட்டு அதன் சாவியை வாங்கினாள். வெள்ளையடித்து, வரிசையாகப் பல்பு கட்டி, நம்ம ஆளுங்க செய்றத நம்ம ஆளுங்களே பார்க்கட்டுமே என்று மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை திறந்து வைத்தாள். அதற்குக் கண்காட்சி இரவு என்று பேரும் வைத்தாள். இரவு என்பதெல்லாம் பேருக்குத்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்து சோற்று வேளைக்குள் முடிந்துவிடும், விடிவதற்குள் மீன் ஏலத்துக்கு ஓடுகிற ஜனங்களை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய முடியும்?

அந்த மாதம் பர்தா தைக்கிற ஜமீலா, வெட்டி மிஞ்சிய கறுப்புத் துணியிலேயே தெரு முழுவதையும் தைத்து ஒரு சுவரில் தொங்கவிட்டிருந்தாள். அதில் தண்ணீர் லாரி நிற்கிற இடம் மட்டும் வெள்ளிச் சரிகையில் மின்னியது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மெல்வின், செத்துப்போன தன் மனைவி தின்று தீர்த்த மாத்திரை அட்டைகளை வெட்டி ஒட்டி நீளமாக ஒரு ரயில் செய்து வைத்திருந்தார். அது எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை. சுகன்யா கைகளை மட்டும் எடுத்த போட்டோக்களை மாட்டியிருந்தாள். அவளிடம் ஆசி வாங்கக் குவிந்த கைகள் ஒரு பக்கம், அவளைக் கண்டதும் கதவைச் சாத்திய கைகள் இன்னொரு பக்கம். வாசலுக்கு நேர் எதிரே, எல்லாவற்றையும்விட உயரத்தில், தேசராணி வரைந்த அவள் புருஷன் நாகூரான் இருந்தான்.

தனக்கு வரைய வரும் என்பது தேசராணிக்கே தெரியாது. மீன்பிடித் தடைக் காலம் வந்தால் படகுக்குப் புதுசாக அடிக்கலாம் என்று நாகூரான் நீலமும் மஞ்சளும் சிவப்புமாகப் பெயிண்ட் டப்பாக்கள் வாங்கி வைத்திருந்தான். படகும் வரவில்லை, அவனும் வரவில்லை, டப்பாக்கள் மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. இறுகிப்போகுமே என்ற கவலையில் ஒன்றைத் திறந்தவள் பக்கத்து வீட்டுப் படகுக்குப் பேர் எழுதிக் கொடுத்தாள், அப்புறம் அந்தக் கரையில் பாதிப் படகுகளின் மூக்கில் அவள் எழுத்துதான். கடைசியாக அடியில் தங்கிய பெயிண்டை வழித்து ஒரு ஒட்டுப்பலகையில் புருஷனை வரைந்தாள். சட்டைக்குப் படகு நீலம், மூஞ்சிக்கு மஞ்சளும் சிவப்பும், தலைமுடி நன்றாக எண்ணெய் வைத்து வகிடெடுத்துப் படிய வாரி. அந்த மனுஷன் ஒரு நாளும் அப்படித் தலை வாரியதில்லை, வாரினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்கிற அவளுடைய நெடுநாள் ஆசை அது. மார்போடு நிறுத்திவிட்டாள், கைகளை வரையவில்லை.

அவன் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கரையில் கடலுக்குப் புறப்படுகிறவன் போறேன் என்று சொல்ல மாட்டான், வழியனுப்புகிறவள் போ என்று சொல்ல மாட்டாள், அந்தச் சொல்லை வாயில் எடுத்தாலே மற்றவர்கள் அடிக்க வருவார்கள். நாகூரானும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வர்றேன்டி" என்றுதான் சொன்னான். அந்த ஃபைபர் படகில் போன நான்கு பேரில் ஒருவனுடைய செருப்புகூடக் கரை ஒதுங்கவில்லை. மற்ற மூன்று வீட்டிலும் கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்கிறபடி உருவம் கட்டிக் காரியம் செய்தார்கள், வளையலை உடைத்தார்கள், போட்டோவுக்கு மாலை போட்டார்கள். தேசராணி மட்டும், "உடம்பக் காட்டுங்க, அழறேன்" என்று சொல்லிவிட்டாள்.

சொல்வது சுலபம். அதற்கப்புறம் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் குங்குமத் தட்டு அவள் எதிரே வரும்போது ஒரு கணம் நிற்கும். நீட்டுவதா, தாண்டிப் போவதா என்று தட்டைப் பிடித்தவளுக்கு விளங்காது. சிலர் நீட்டுவார்கள், சிலர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு தாண்டுவார்கள். தாண்டிப் போனதைவிட அந்த ஒரு கணம்தான் தேசராணியின் நெஞ்சை அறுத்தது. அவர் இருக்கிறாரா இல்லையா, யாராவது ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தொலையுங்களேன் என்று அவள் உள்ளுக்குள் கத்திக்கொண்டே மூன்று வருஷம் மீன் கழுவினாள், பேர் எழுதினாள், தூங்கினாள்.

சரி, மாலைக்கு வருவோம். கவுன்சிலர் மாலைகளைக் கொண்டுவந்தது படம் வரைந்தவர்களுக்குப் போடத்தான். ஜமீலாவுக்குப் போட்டார், மெல்வினுக்குப் போட்டார், சுகன்யாவுக்குப் போட்டுக் கும்பிடும் போட்டார். தேசராணியோ வெட்கத்தில் டீ கேனுக்குப் பின்னால் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆகவே அந்த இடத்தில் ஆள் இல்லை, படம் மட்டும் இருந்தது. படம் என்று ஒன்று எதிரில் வந்தால் மாலையைப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் தலை குனிந்து நிற்பது, அரசியலில் சேர்ந்த நாளாக அந்த மனிதரின் கைக்கு ஊறிப்போன பழக்கம். எட்டிப் போட்டார், குனிந்தார். நிமிர்ந்தபோது, தேசராணி வரையவே வரையாத நீலச் சட்டைக் கை ஒன்று பலகைக்குள்ளிருந்து மேலே வந்து மாலையைத் தலைக்கு மேலாகக் கழற்றிக்கொண்டிருந்தது.

"உயிரோட கீற ஆளுக்குப் போட்டா கயட்டத்தானே செய்வாரு?" என்றாள் ஐஸ் விற்கும் பேபியம்மா, சுண்டலை மென்றபடி. அது நியாயம்தான் என்று எல்லோருக்கும் பட்டது. அப்புறம்தான் கூட்டம் முழுக்கத் திரும்பித் தேசராணியைப் பார்த்தது. பெண்கள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள், கன்னியம்மன் கோயில் குங்குமத்தை யாரோ மடியிலிருந்து எடுத்து அவள் நெற்றியிலும் வகிட்டிலும் அப்பினார்கள். குங்குமம் வைத்த அந்தக் கை ஒரு கணமும் நிற்கவில்லை. தேசராணி சிரித்தாள், அழுதாள், அவர் இருக்கிறார், இருக்கிறார் என்று வாய் ஓயாமல் சொன்னாள்.

அந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கவுன்சிலர் அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வரும் வழியில் அது நனைந்திருப்பதை அவள் கவனித்தாள். பூக்காரர் தெளித்த தண்ணீர் இதற்குள் காய்ந்திருக்க வேண்டும், இதுவோ சொட்டியது. ஒரு துளியை எடுத்து நாக்கில் வைத்தாள். உப்பு. வெறும் உப்பில்லை, கடல். பிறந்ததிலிருந்து வாயிலும் மூக்கிலும் ஏறின அதே கடல், அடியாழத்து வண்டல் நாற்றத்தோடு. தேசராணிக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்ததை நெற்றிக் குங்குமத்துக்குக் கீழே போட்டு மூடிவிட்டாள். மூன்று வருஷம் தட்டு நின்று நின்று தாண்டிப் போன ஒருத்தியைக் குறை சொல்ல நாம் யார்?

கிடங்கைப் பூட்ட முடியாமல் போனது. தினமும் சாயங்காலம் ஜனங்கள் வந்தார்கள். வீடு புகுந்த மாமியார்போல அந்த அதிசயம் தெருவின் வேலைகளுக்குள் உட்கார்ந்துகொண்டது, கொஞ்ச நாளில் அதற்கேற்ப எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மல்லிகை மாலை போட்டுப் பார்த்தார்கள், கழற்றினான். சம்பங்கி போட்டார்கள், கழற்றினான். பிளாஸ்டிக் போட்டால் ஏமாறுவான் என்று ஒருவர் போட, அதை மட்டும் சுருட்டாமல் தரையில் விட்டெறிந்தான். கடலுக்குப் போகிறவர்கள் முதலில் வந்து, "வர்றோம்ணே" என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் படகு தள்ளினார்கள். கோயில் பூசாரி வந்து பார்த்து, அம்மன் காவல் என்றார். சர்ச்சிலிருந்து வந்த ஃபாதர் வெகுநேரம் நின்றுவிட்டு, ஜெபம் பண்ணுங்கள் என்றார். தர்காவிலிருந்து வந்த பெரியவர், இந்த ஆள் பேரிலேயே நாகூர் இருக்கிறதே, அப்புறம் என்ன, என்று சாம்பிராணி போட்டுவிட்டுப் போனார். புதுப் பெண்கள் தாலி கட்டிய கையோடு வந்து தேசராணி கையால் குங்குமம் வைத்துக்கொண்டார்கள், ஒரு வீட்டில் சீமந்தம் என்றால் முதல் வளையல் அவள்தான் போட வேண்டும். ஜமீலா தன் துணி வரைபடத்தில் நாகூரான் நிற்கிற இடத்துக்கும் சரிகை தைத்தாள். மெல்வின் மட்டும் தன் மாத்திரை ரயிலை மெல்லத் தள்ளித் தள்ளி அந்தப் படத்துக்கு அருகே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

படத்துக்குக் கீழே தினமும் தண்ணீர் தேங்கியது. கிடங்கைக் கூட்டுகிற கோமளா வாளியும் துடைப்பமுமாக வந்து, "உப்புக் கெடங்குன்னா ஓதம் ஏறத்தான் செய்யும், எத்தினி வாட்டிதான் தொடைக்கிறது" என்று புலம்பிக்கொண்டே துடைப்பாள். தேசராணி படத்தை நிமிர்ந்து பார்ப்பாள். அவள் வகிடெடுத்து வாரி வரைந்த தலை இப்போது வாரியிருக்கவில்லை, முடி நனைந்து நெற்றியில் ஒட்டிக் கிடந்தது, நுனியில் ஒரு துளி திரண்டுகொண்டே இருந்தது. பெயிண்டு நல்லா பளபளப்பா கீதுப்பா என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எங்கய்யா இருக்கே என்று அவள் ஒரு தடவைகூட அவனைக் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவானோ என்ற பயம்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் யமுனா வந்தாள். நாகூரானோடு போன நான்கு பேரில் தணிகா என்பவனின் பெண்டாட்டி. கல்யாணமான வருஷமே அவனைக் கடலுக்குக் கொடுத்தவள். ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்யும் கோதண்டன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து, தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. இத்தனை நாள் கழித்து அந்தப் பெண் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்ததே என்று தேசராணியும் சந்தோஷப்பட்டிருந்தாள். இப்போது அந்த முகம் வெளுத்துக் கிடந்தது.

"கல்யாணம் நின்னுரும் போல கீதுக்கா" என்றாள் யமுனா.

"யாரு சொன்னா? கோதண்டனா?"

"அவரு நல்லவருதான். அவங்கம்மாதான் ஒத்துக்க மாட்டேங்குது. ஒரே போட்டுல போனவங்க, ஒருத்தர் உயிரோட இருந்தா இன்னொருத்தர் இருக்க மாட்டாரா, நாளைக்கு அவரு வந்து வாசல்ல நின்னா எம் பையன் கதி இன்னான்னு கேக்குது. அது கேக்கறதுல தப்பு இல்லியே."

யமுனா முந்தானையைப் பிசைந்தபடி தொடர்ந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு போட்டோவுல போட்ட மாலை அப்படியே கீது. காஞ்சி, சருகாயி, அப்படியே. கயட்டி வேற போட்டேன், அதையும் அவரு தொடல. ராவும் பகலும் அத பாத்துகினே கீறேன். அவருக்கு எம் மேல ஆசை இல்லியாக்கா? இல்ல, நான்தான் அவசரப்பட்டு அவர சாவடிச்சிட்டனா?" அழுகையை விழுங்கிக்கொண்டாள். "நீ ஒரு வார்த்த சொல்லு போதும். அண்ணன் இருக்காருன்னு உனக்குத் தெரியும்னா சொல்லு, நான் இந்தக் கல்யாணத்த வேணாம்னுட்டு உன்ன மாதிரியே உக்காந்துக்கிறேன். எவ்ளோ வருசம் ஆனாலும் உக்காந்துக்கிறேன்."

உன்னை மாதிரியே என்று அவள் சொன்னதும் தேசராணி அந்தப் பெண்ணின் நெற்றியைப் பார்த்தாள். அந்தச் சின்ன நெற்றிக்கு எதிரே தட்டு நிற்கும், தாண்டும், நிற்கும். தான் ஒளித்து வைத்த ஒரு துளி உப்புத் தண்ணீரால் இந்தப் பெண்ணின் வாழ்க்கை மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்? மாலையைக் கழற்றிக்கொண்டே இருக்கிற மனுஷனைச் செத்தவன் என்றால், கோதண்டனின் அம்மா சிரிப்பாள்.

"சனிக்கிழம கண்காட்சிக்கு வா" என்றாள் தேசராணி. "அந்தம்மாவையும் கூட்டிகினு வா."

அதற்கப்புறம் அவளுக்குத் தூக்கம் இல்லை. யார் போட்டாலும் ஏன் கழற்றுகிறான் என்று யோசித்தாள். அவன் பிடிவாதக்காரன் இல்லை, கோபக்காரனும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன், அவ்வளவுதான். கால் கிலோ நெத்திலி தருகிறேன் என்று யாரிடமாவது சொல்லியிருந்தால் காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வருவான். வர்றேன்டி என்று சொல்லிவிட்டுப் போன ஆள். வராமல் மாலை வாங்கிக்கொள்ள அவனுக்கு மனசு வருமா?

சனிக்கிழமை காலையில் பூக்கடைக்குப் போனாள். கடைக்காரர் ராஜமரியாதையாக ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "என்ன மாலைம்மா? கல்யாணத்துக்கா, இல்ல துக்கத்துக்கா? கட்டுமானம் வேற வேற" என்றார். தேசராணி உட்காரவில்லை. "ஆம்பளைக்குப் போடுற மாலைண்ணே. நல்லா கனமா கட்டுங்க" என்றாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் கேட்காமல் ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்ட ஆரம்பித்தார்.

சாயங்காலம் கிடங்கு கொள்ளாத கூட்டம். ஜமீலா, மெல்வின், கவுன்சிலர், பேபியம்மா, கதவோரத்தில் யமுனா, அவளுக்கு ஒரு முழம் தள்ளி கோதண்டனும் அவன் அம்மாவும். சுகன்யா பல்புகளைப் போட்டாள். தேசராணி மாலையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தபோது, அவள் எதற்கு வருகிறாள் என்று புரிந்து கூட்டம் தானாகவே வழிவிட்டது.

"இன்னாத்துக்குடி தேசு?" என்று பேபியம்மா அவள் கையைப் பிடித்தாள். "நல்லாத்தானே கீறாரு. உங்கையாலயே மண்ண வாரிக் கொட்டிக்காதடி."

"வுடுக்கா" என்றாள் தேசராணி.

படம் உயரத்தில் இருந்தது, அவளோ குள்ளம். கல்யாணத்தில் மாலை மாற்றும்போதும் இப்படித்தான், கூட்டாளிகள் நாகூரானைத் தோளில் தூக்கிக்கொண்டு, எட்டினா போடு, எட்டினா போடு என்று அவளைக் கிண்டல் செய்தார்கள். இறக்குங்கடா டேய் என்று கத்தி அவன் குனிந்த குனிவில் தலைப்பாகையே கழன்று அவள் காலடியில் விழுந்தது. சுகன்யா ஸ்டூலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், வேண்டாம் என்று தேசராணி தலையாட்டினாள்.

"நான்தான்யா" என்றாள். "வர்றேன்னு சொல்லிட்டுப் போனே. வந்துட்டே. அந்தத் தண்ணியில இருந்து நனைஞ்சிகினே இவ்ளோ தூரம் வந்துட்டே. மொத நாளே எனக்குத் தெரியும், மாலையில கடலு இருந்துது, நாக்குல வெச்சிப் பாத்தேன். யாருகிட்டயும் சொல்லல. நீ இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அது என் தப்பு, உன் தப்பு இல்ல. வந்துட்டய்யா. இப்ப குனி."

நாகூரான் குனிந்தான். பலகையின் விளிம்பைத் தாண்டி ஒரு சாண் தலை வெளியே வந்தது. நனைந்த முடியிலிருந்து தண்ணீர் அவள் விரலில், மணிக்கட்டில், முழங்கையில் வழிந்து ரவிக்கைக்குள் இறங்கியது, குளிர்ந்த, ஆழத்துத் தண்ணீர். அவள் மாலையைப் போட்டாள். நிமிர்ந்தான். நீலச் சட்டைக் கை மேலே வந்தது, கூட்டம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. கோதண்டனின் அம்மா யமுனாவின் தோளை இறுகப் பிடித்ததை அவளே அறியவில்லை. அந்தக் கை மாலையைத் தொட்டது, ஒரு பக்கம் புரண்டிருந்ததைத் திருப்பிச் சரிசெய்தது, கேமராவுக்கு முன்னால் நிற்கிற மாப்பிள்ளை செய்கிற மாதிரி. பிறகு இறங்கிவிட்டது.

"போ" என்றாள் தேசராணி. அந்தக் கரையில் எந்தப் பெண்ணும் எந்த ஆணிடமும் சொல்லாத சொல்லைச் சொன்னாள். "நல்லபடியா போ."

மாலை இருந்த இடத்திலேயே இருந்தது. அவன் முகம் வெறும் பெயிண்டாக, மஞ்சளும் சிவப்பும் கலந்த பெயிண்டாக, வகிடெடுத்துப் படிய வாரிய தலையோடு நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தது. தேசராணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள், மூன்று வருஷமாக உடம்பைக் காட்டுங்கள் என்று தள்ளிப்போட்ட அழுகையை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். முதலில் வந்து அவளைக் கட்டிப்பிடித்தவள் யமுனா. அடுத்து வந்தது கோதண்டனின் அம்மா. "எழுந்திரும்மா, என் வூட்டுக் கல்யாணத்துக்கு நீதான் முன்ன நிக்கணும்" என்று சொல்லத் தொடங்கியவள் முடிக்க முடியாமல் தானும் உட்கார்ந்துவிட்டாள். ஜமீலா வந்தாள், சுகன்யா வந்தாள், வரிசை வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, அந்தப் படகில் போன நான்கு பேரின் பேரையும் சொல்லி அழுதார்கள். மெல்வின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தன் ரயிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

கோமளா வழக்கம்போல வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு படத்தடிக்கு வந்தாள், குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. வாளியை ஓரமாக வைத்துவிட்டு அவளும் போய்ப் பெண்களோடு உட்கார்ந்தாள்.